அறுபதுக்குக் கீழே

என் தங்கை கணவன் எழுதிய சரியான விடைகளைத் தவறு என்று அடித்தவன் நான்.

தெரியாமல் அடிக்கவில்லை. தெரிந்தே அடித்தேன். ஒரு நாள் ஆத்திரத்தில் செய்த காரியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து வந்து, கை கழுவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகச் செய்தேன்.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. மாதா கோயிலில் மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன் நான். கோபம், சின்னப் பொய், வெள்ளிக்கிழமை என்பதை மறந்து தின்ற கறி, எல்லாவற்றையும் அங்கே சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் என்ன சொல்வார்? போய் அவனிடம் உண்மையைச் சொல் என்பார். அதை நான் செய்தாயிற்று… செய்தும் எதுவும் மாறவில்லை.

நாட்குறிப்பு எழுதிப் பழகியவன். வரிசை தவறாமல் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரு சங்குக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், நான் தலைமைக் கணக்கன். கடலில் குளித்து எடுத்த சங்குகள் எங்களிடம் வரும். உள்ளே இருக்கும் சதை அழுகி உதிரும்வரை போட்டுவைத்து, கழுவி, அளவு பார்த்து அடுக்குவோம். அளவு பார்க்க ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. வளையத்துக்குள் நுழைந்து விழும் சங்கு சிறுசு, தள்ளுபடி. நுழையாதது எடுப்பு. மயிரிழையில் நுழைந்து விழும் சங்கைக் கண்டால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பில் சேர்த்துவிடுவார்கள். நான் திருப்பியதில்லை.

கிட்டங்கிக் காவல்காரர் லூர்து அண்ணாச்சி என் காதில் விழும்படியே சொல்லுவார்: "கணக்கப்பிள்ளைக்கு ஏன் கலியாணம் ஆகலேன்னு தெரியுமாலே? எந்தப் பொண்ணும் அவரு வளையத்துல சரியா நிக்கலே."

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் என்னிடம் அதே கதிதான். எங்கள் தெருவில் முதல் பி.ஏ. நான். பரீட்சை நெருங்கினால் பிள்ளைகளை என்னிடம் அனுப்புவார்கள். மாதிரித் தாள் எழுதவைத்துத் திருத்திக் கொடுப்பேன். நான் போட்ட மதிப்பெண்தான் உண்மைப் பரீட்சையிலும் வரும். ஒன்றிரண்டு கூடும், குறையும். அதற்கு மேல் மாறியதில்லை. 'கணக்கப்பிள்ளை பாஸ்னு சொல்லிட்டாரா, அப்பம் பாஸ்தான்' என்று தெருவில் பேச்சு.

இந்தப் பெயர்தான் பிறகு என் கையில் ஆயுதமாயிற்று.

என் தங்கை செசிலி என்னைவிட மிகவும் இளையவள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் அப்பா கடலில் இறந்தார். அவர் கடலில் முங்கிச் சங்கு எடுக்கும் குளியாளி. குளியாளி கல்லைப் பிடித்துக் கீழே இறங்கும்போது அவன் கயிற்றைத் தோணியில் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். எங்களில் அது மனைவியின் சகோதரன் வேலை. தன் சகோதரி தாலி அறுப்பதை எவன் விரும்புவான்? அந்த நம்பிக்கையில் ஏற்பட்ட வழக்கம். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டி இழுத்துச் சைகை கொடுத்ததும் மேலே இருப்பவன் தூக்குவான். சைகைக்கு முன்னால் தூக்குகிறவனைக் குளியாளிகள் மன்னிப்பதில்லை. வெறும் பையோடு மேலே வந்தவன் அவன் முகத்தில் உமிழ்ந்துவிட்டுப் போவான்.

அன்று என் தாய்மாமா கயிற்றைப் பிடித்திருந்தார். சைகைக்காகக் காத்திருந்தார். சைகை வரவில்லை.

அவர் முறையாகத்தான் நடந்தார். முறையாக நடந்ததில் என் அப்பா போனார்.

அப்போது எனக்குச் சென்னையில் மேல்படிப்புக்கு நுழைவுப் பரீட்சை எழுத இடம் கிடைத்திருந்தது. பட்டம் வாங்கியவர்களில் சிலரை மட்டும் பொறுக்கி எடுக்கும் கல்லூரி அது. நான் போகவில்லை. அப்பாவுக்குப் பின்னாலேயே அம்மாவும் போனாள். கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? கிட்டங்கியில் சேர்ந்தேன். இதை உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கே சந்தேகம் இருப்பதால் சொல்கிறேன்.

செசிலியை இன்னாசிக்குக் கட்டிக் கொடுத்தேன். குளியாளிக் குடும்பத்துப் பையன்தான். ஆனாலும் படித்து பி.ஏ. வாங்கியிருந்தான். கலியாணத்தன்று கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இனி என் கயிறு ஒங்க கையில, மச்சான்."

யுத்தம் முடிந்து, அரிசிக்கு இன்னும் ரேஷன் இருந்த வருஷம். அந்தக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை எழுதப் போகிறேன் என்றான் இன்னாசி. ஒருவர் ஒரே முறைதான் எழுதலாம். தவறினால் மறுபடி விட மாட்டார்கள். என் பெட்டியின் அடியில் கிடந்த பழைய வினாத்தாள்களை எடுத்துக் கொடுத்தேன். மகிழ்ச்சியோடுதான் கொடுத்தேன். நம்புங்கள்.

அவன் வீட்டில் ஆட்கள் நடமாட்டம், என் வீட்டில் பாடம் கேட்க வரும் பிள்ளைகள். ஆகவே நான் தயாரிக்கும் மாதிரித் தாள்களைக் கிட்டங்கியில் வைத்து எழுதலாம் என்று நான்தான் சொன்னேன். சங்கு குளிப்பு இல்லாத மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை காவல்காரரைத் தவிர அங்கே யாரும் வர மாட்டார்கள். சாவி என்னிடம். கூரை வரை குவிந்த சங்குகளுக்கு நடுவே ஒரு மேசையையும் நாற்காலியையும் போட்டேன்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலம் அது. சுவரின் மேல்பக்கத்துச் சன்னல்கள் வழியாகக் காற்று புகுந்தால், குவியலில் வாய் திறந்து கிடக்கும் சங்குகள் முனகும். ஊதுவது போல இருக்காது. பக்கத்து அறையில் பலர் வாயை மூடிக்கொண்டு செபம் சொல்வது போல இருக்கும். எனக்கு அது பழகிப்போன சத்தம். இன்னாசி முதல் நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"இதுக என்ன சொல்லுது மச்சான்?"

"நேரமாகுதுன்னு சொல்லுது. எழுது."

அந்த முதல் தாளில் அவனுக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று.

"நாப்பத்தொண்ணா?" தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். "வளையத்துல நொழஞ்சு விழுந்துட்டேன், என்ன மச்சான்?"

சிரித்தாலும் காது சிவந்திருந்தது. அவனுடைய அண்ணன்மார் எல்லோரும் குளியாளிகள். பரீட்சையில் தவறி ஊர் திரும்பினால் அவர்கள் வாயில் விழ வேண்டும். அன்றே அவன் ஒரு தீர்மானம் சொன்னான். விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் மாதா திருநாள் கழிந்த மறுவாரம். அதற்குள் என் கையால், அங்கே இடம் கிடைக்க வேண்டிய அறுபதை வாங்கினால் விண்ணப்பம் போடுவான். வாங்காவிட்டால் கிட்டங்கியில் காலியாக இருந்த எழுத்தர் வேலையில் சேர்ந்துவிடுவான்.

"ஒங்க அறுபது அங்கனயும் அறுபதுதான் மச்சான். அது வந்தா துணிஞ்சு போவேன்."

நாங்கள் இருவரும் தவறிய விடைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சங்கைப் பிரிப்பது போல மூன்று குவியலாகப் பிரித்தோம். தெரியாமல் விட்டவை ஒரு பக்கம். நேரம் போதாமல் தொடாதவை ஒரு பக்கம். தெரிந்திருந்தும் அவசரத்தில் தவறியவை ஒரு பக்கம். மூன்றாவது குவியல்தான் பெரிது. தெரியாதது கொஞ்சமே. கேள்வி முடிவதற்குள் அவன் கை எழுதத் தொடங்கியிருந்தது. கேட்காத கேள்விக்கு அழகாகப் பதில் சொல்லியிருந்தான்.

"ஒனக்குப் படிப்பு குறையல, மாப்ளே. பதட்டம் கூடுதல். அதைக் குறைச்சாப் போதும்."

அவன் அந்தக் குவியலை எடுத்து மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினான். பிறகு சொன்னான். "எங்க அய்யா சொல்லுவாக, தண்ணிக்குள்ள அவசரப்படுதவனுக்குத்தான் மூச்சு சீக்கிரம் தீரும்னு."

அடுத்த ஞாயிறு அவன் ஒரு முறையோடு வந்தான். மூச்சை நிறைய இழுத்துக்கொள்வான். கேள்வியைப் படிப்பான். விடை மனதில் முழுதாகத் தெரியும்வரை மூச்சை விட மாட்டான். தெரிந்த பிறகு விட்டு, எழுதுவான். மூச்சு உள்ளே நிற்கும்போது கை பேனாவைத் தேடாது என்றான். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முங்கு.

நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். கன்னங்கள் அசையவில்லை. கண் இமைக்கவில்லை. உயிரோடு ஒருவன் அவ்வளவு அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தத் தாளுக்கு ஐம்பத்து மூன்று போட்டேன். அது உண்மையான ஐம்பத்து மூன்று. நான் அவனுக்குப் போட்ட கடைசி உண்மையும் அதுதான், நெடுங்காலத்துக்கு.

மூன்றாவது தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். கூட்டிப் பார்க்குமுன்பே தெரிந்துவிட்டது, அறுபதைத் தாண்டிவிட்டான். ஒரு கேள்வியில் ஒரு வாதத்தைக் கொடுத்து, இது நிற்குமா என்று கேட்டிருந்தேன். எழுதி வைத்திருந்த என் விடையைவிட அவன் விடை நன்றாக இருந்தது. நான் காணாத ஓட்டை ஒன்றை அவன் கண்டிருந்தான். இரண்டு முறை படித்தேன். சரிதான்.

என் சிவப்புப் பேனா நின்றது.

என்ன நினைத்தேன் அப்போது? தங்கையை நினைத்தேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவன் சென்னை போவான், செசிலி இங்கே தனியாகக் கிடப்பாள், பெரிய ஊரும் பெரிய படிப்பும் இவனை விழுங்கிவிடும், திரும்ப மாட்டான்… கயிற்றைப் பிடித்தவன் சைகைக்காகக் காத்திருந்து என்ன கண்டான்? நான் காத்திருக்க மாட்டேன். இப்போதே தூக்குவேன். இப்படித்தான் நினைத்தேன். பொய்யில்லை.

ஆனால் அந்த விடையை மூன்றாம் முறையும் படித்தேனே, அது எதற்காக? அதில் ஒரு குறை கிடைக்காதா என்று தேடினேனே, அதுவும் தங்கைக்காகவா?

கணக்குகளில் கை வைக்கவில்லை. அவற்றை யாரும் சரிபார்த்துவிடலாம். ஆங்கிலப் பத்திகளிலும் வாதங்களிலும்தான் அடித்தேன். அடித்தால் காரணம் எழுத வேண்டுமே. ஓரத்தில் எழுதினேன்: 'ஆழம் போதாது.'

கீழே ஐம்பத்திரண்டு என்று போட்டேன்.

இன்னாசி தாளை வாங்கிப் படித்தான். கோபப்படவில்லை. வாதாடவில்லை. 'ஆழம் போதாது' என்பதை மட்டும் விரலால் தடவிப் பார்த்தான்.

"சரி மச்சான். இன்னும் இறங்கிப் பாக்கேன்."

நான் உங்களிடம் சொல்ல வந்தது மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் அல்ல. இறங்கியதைப் பற்றியும்தான்.

ஞாயிறு தோறும் அவன் மூச்சு நீண்டது. முதலில் வாய்க்குள் எண்ணிப் பார்த்தேன். பிறகு பயந்து எண்ணுவதை விட்டுவிட்டேன். உதடுகள் மெல்ல நீலம் பாயும். நெற்றியில் வியர்வை பூக்கும். காற்று விழுந்து சங்குகள் அடங்கினால் அந்தக் கிட்டங்கியில் மூச்சுவிடும் ஒரே ஆள் நான் என்று தோன்றும். என் மூச்சுச் சத்தம் எனக்கே அருவருப்பாக இருக்கும். அவனுக்கு இடைஞ்சல் ஆகுமோ என்று அடக்கிக்கொள்வேன்.

விடைகள்? அவை போன உயரத்தை என்னவென்று சொல்ல! ஒரு பத்தியைக் கொடுத்தால் அதை எழுதினவன் எதை மறைக்கப் பார்த்தான் என்பதுவரை சொல்லிவிடுவான். நான் எடுத்துவைத்த விடைகள் அவனுடைய விடைகளுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளை எழுதியவை போல இருந்தன. உண்மையில் எழுபது, அப்புறம் எண்பதை ஒட்டி. நான் போட்டது ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து. சந்தேகம் வராதபடி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தேன். ஓரத்தில் அதே சொற்கள்: 'ஆழம் போதாது.'

ஒரு ஞாயிறு லூர்து அண்ணாச்சி கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். இன்னாசி மேசை முன்னால் சிலையாக இருந்தான். அண்ணாச்சி என்னை வெளியே கூப்பிட்டார்.

"ஏம்வே கணக்கப்பிள்ளை, ஒம்ம மாப்ளை உள்ள படிக்காரா, முங்குதாரா?"

"படிக்கான் அண்ணாச்சி."

"படிக்கவன் தலையில ஏன் ஈரம் சொட்டுது?"

"வேர்வை அண்ணாச்சி. உள்ள புழுக்கம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வரவே இல்லை.

வேர்வைதான். நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. வேர்வையும் கரிக்கத்தானே செய்யும்?

இனிச் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலைகளில் நான் வினாத்தாள் தயாரிப்பேன். ஒரு வாரம் நான்காவது கேள்வியாக ஒரு வாதத்தை எழுதினேன். 'இந்த மனிதர் இதுவரை ஒருமுறையும் தவறியதில்லை. ஆகவே இப்போதும் அவர் சொல்வது சரி. இவ்வாதம் நிற்குமா?' எழுதி முடித்து, படித்துப் பார்த்தேன். என் கை எனக்கே குழி பறித்திருந்தது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எரிந்து முடியும்வரை நின்றேன். அந்த இடத்தில் ஆற்று வெள்ளத்தைப் பற்றி வேறொரு கேள்வியை எழுதினேன். வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. செசிலியும் அவனும் இருந்தது அடுத்த தெருவில்.

மறுநாள் இன்னாசி எழுதிக் கொடுத்த தாளில் நான்காவது விடை இப்படித் தொடங்கியது: 'ஒருவர் இதுவரை தவறியதில்லை என்பது, இப்போது தவறவில்லை என்பதற்குச் சான்றாகாது. அவருடைய பழைய நேர்மையே இன்றைய தவறை மறைக்கும் திரையாக இருக்கலாம்…'

வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "மாப்ளே, நாலாவது கேள்வி என்னன்னு படிச்சே?"

அவன் அப்போதுதான் மேலே வந்தவன் போல விழித்தான். கண் வெள்ளை சிவந்திருந்தது. வினாத்தாளைப் பார்த்தான். தன் விடையைப் பார்த்தான்.

"கீழ ரெண்டு கெடந்துச்சு மச்சான்," என்றான் மெதுவாக. "எது ஒங்களதுன்னு தெரியலே. அடியில கெடந்ததை எடுத்துட்டேன்."

அந்த விடைக்குப் பூஜ்யம் போட்டேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையே! அந்த மாதங்களில் நியாயமாகப் போட்ட பூஜ்யம் அது ஒன்றுதான்.

பல மாதம் என் தாள்களையே எழுதியவன், என் மனம் போகும் வழி அவனுக்குப் பழகியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் அதை எழுதினான், சரி. எழுதியவன் ஏன் அதைத் தன் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை? கீழே கண்டதை மேலே வந்ததும் மறந்துவிடுவானோ… இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாதா திருநாள் வந்தது, போனது. கடைசி ஞாயிறு. அன்று அவன் எழுதிய தாளைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை, இனி பார்க்கப்போவதும் இல்லை. எங்கே அடிப்பது என்று தெரியாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஐம்பத்தெட்டு போட்டேன்.

ஏன் ஐம்பத்தெட்டு? நாற்பது போட்டிருந்தால் அவன் இந்தப் பரீட்சையையே மறந்திருப்பான். வேறு வாழ்க்கையைப் பார்த்திருப்பான். ஐம்பத்தெட்டு போட்டேனே, அதற்குப் பெயர் என்ன? முகத்தைத் தண்ணீருக்கு மேலே விடாமல், மேலே இருக்கும் வெளிச்சத்தை மட்டும் காட்டுவது…

"ரெண்டு மார்க்," என்றான் இன்னாசி. சிரித்தான். "ஒரு ரெண்டு மார்க்கைக் கூட்டிப் போட்டாத்தான் என்னவாம்? ஒங்க தங்கச்சி புருசன்தானே?"

"அங்கே யாரும் கூட்டிப் போட மாட்டாங்க, மாப்ளே."

"தெரியும். அதுக்குத்தானே ஒங்ககிட்ட எழுதுனேன்."

இந்த வாயால்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன். நாக்கு பிறழவில்லை.

அவன் விண்ணப்பம் போடவில்லை. அடுத்த திங்கட்கிழமை கிட்டங்கியில் என் பக்கத்து மேசையில் எழுத்தராக உட்கார்ந்தான்.

சில நாள் கழித்து செசிலி வீட்டுக்குப் போனேன். புறவாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல காரியம் செய்தவனுடைய நிம்மதியோடு பேச்சை எடுத்தேன்.

"ஏளா, இப்பம் ஒனக்கு நிம்மதிதானே? மாப்ள ஊரோட இருக்காரு."

அவள் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "நானும் கூடப் போறதாத்தாண்ணே இருந்துச்சு. ராயபுரத்துல அவுக சித்தி வீட்டுல மாடியறை கேட்டு வச்சிருந்தோம். ஒங்கிட்ட மார்க் வாங்கினதும் சொல்லலாம்னு இருந்தோம்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே ஏளா."

"நீ கேக்கவே இல்லியே."

ஒரு மீனைக் கழுவி முடித்துச் சட்டியில் போட்டாள். "அவுகளுக்கு அவ்வளவுதான் மூளைன்னா யாரு என்ன செய்ய முடியும்? ஒன் மேல குத்தமில்லண்ணே. நீ உள்ளதைச் சொன்னே."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னாள். தூங்கும்போது அவன் மூச்சு நின்றுவிடுகிறதாம். பக்கத்தில் படுத்திருப்பவள் விழித்துக்கொண்டு காத்திருப்பாளாம். எழுப்பலாமா, வேண்டாமா என்று தெரியாமல் காத்திருப்பாளாம். வெகு நேரம் கழித்து, ஆழத்திலிருந்து ஏறி வந்தவனைப் போல ஒரு பெருமூச்சு வருமாம்.

"நீ சொன்னாக் கேப்பாக. இந்தப் பரீட்சையை விட்டுறச் சொல்லுண்ணே. பயமா இருக்கு."

விட்டுவிடச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. பரீட்சையை இன்னும் எழுதவில்லையே, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். ஞாயிறு தோறும் கிட்டங்கிக்கு வந்தான். நான் தாள் கொண்டுபோகாவிட்டாலும் வந்து வெறும் மேசை முன்னால் உட்கார்ந்தான். வெறும் மேசை முன்னால் மூச்சடக்கி இருப்பவனைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மறுபடியும் தாள் கொண்டுபோனேன்.

அடுத்த வருஷம் கடைசி நாள் நெருங்கியபோது உண்மையைப் போடுவதென்று முடிவு செய்தேன். ஒரு தாளை எடுத்து, என் உயிரைக் கொடுத்துத் திருத்தினேன். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. தொண்ணூற்று மூன்று. எழுதி, அடியில் கோடு போட்டு, அவன் கையில் கொடுத்தேன்.

இன்னாசி அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது மகிழ்ச்சி இல்லை. வருத்தம். என்னைக் குறித்த வருத்தம்.

"செசிலி வந்து அழுதாளா, மச்சான்?"

"இல்ல மாப்ளே. இது ஒன் மார்க்."

"ஐம்பத்தெட்டு வாங்கினவனுக்குத் தொண்ணூத்து மூணா? எந்தச் சங்கு மச்சான் ஒரு வருசத்துல இப்பிடி வளரும்?"

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷம் முழுதும் பொய்யாகக் குறைத்தேன், அறுபதை நீ எப்போதோ தாண்டிவிட்டாய், ஆழம் போதாது என்று எழுதியதெல்லாம் பொய், உன்னைப் போகவிடக் கூடாதென்று செய்தேன், என் மனசில் வேறு அழுக்கும் இருந்தது என்று, கைகூப்பி, அந்தச் சங்குக் குவியல்களுக்கு நடுவே நின்று சொன்னேன்.

அவன் எழுந்து வந்து என் கூப்பிய கைகளைப் பிரித்துக் கீழே விட்டான். அன்பாகத்தான் செய்தான்.

"ஒங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது மச்சான். பாருங்க, கை எப்படி நடுங்குது. ஒங்க தங்கச்சிக்காக இந்த வயசுல இப்பிடியெல்லாம் பேசணுமா? ஊருல ஒரு சங்கை நீங்க மாத்தி வச்சதுண்டா? எனக்கா மாத்தி வைக்கப்போறீக?"

இருபது வருஷம் நான் சேர்த்துவைத்த பெயர் என் வாயில் கையை வைத்து அடைத்தது. பொய்யை நம்பினவன் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறான்!

அவன் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். தாளை மேசையில் விரித்தான்.

"எந்தக் கேள்வி தப்புன்னு மட்டும் சொல்லுங்க. நான் சரி பண்ணிக்கிடுதேன்."

"எதுவும் தப்பில்ல."

"சொல்லுங்க மச்சான்."

மூச்சை இழுத்தான். மார்பு விரிந்தது. பிறகு அசைவு இல்லை.

கண்கள் என் மேல் இருந்தன. இமைக்கவில்லை. நான் சொல்லும்வரை விட மாட்டான் என்று புரிந்தது. எதுவும் தப்பில்லை என்று மறுபடியும் சொன்னேன். கெஞ்சினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். குளிர்ந்திருந்தது. உதட்டில் நீலம் ஏறிற்று. கன்னத்துக்கு வந்தது. கழுத்து நரம்பு துடித்தது, பிறகு துடிப்பும் தாழ்ந்தது. வெளியே காற்று எழுந்து குவியல்கள் முனகத் தொடங்கின. அத்தனை வாய்களும் ஒன்றையே கேட்டன. எந்தக் கேள்வி… எந்தக் கேள்வி…

"ஏழாவது," என்றேன்.

இன்னாசி மூச்சை விட்டான்.

கண்களில் வெளிச்சம் வந்தது. சிரித்தான். "எனக்கும் அதுலதான் சந்தேகம் இருந்துச்சு மச்சான்," என்று சொல்லி, பேனாவை எடுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அந்த வருஷமும் அவன் விண்ணப்பம் போடவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. இப்போதும் ஞாயிறு தோறும் எழுதுகிறான். எழுதி முடித்ததும் எந்தக் கேள்வி என்று கேட்கிறான். நான் ஏதாவது ஓர் எண்ணைச் சொல்கிறேன். சொன்னால்தான் மூச்சு விடுகிறான்.

இதைப் படிக்கும் உங்களிடமாவது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைய தாளின் ஏழாவது விடை இன்னமும் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு பிழையும் இல்லை.